‘கெட்டியா குடுங்க, பிடிச்சு நடக்க விடுங்க’: அப்பாவின் பக்கவாதத்தில் சொற்கள் எங்களிடம் பிடுங்கியவை

அப்பாவுக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்து 11-ஆம் நாள் டிஸ்சார்ஜ் செய்தார்கள். தாளில் ‘சப்போர்ட்டுடன் நடக்கிறார்’ என்று இருந்தது. வார்டிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் அம்மாவிடம், “சாப்பாடு கெட்டியா குடுங்கம்மா, பிடிச்சு நடக்க விடுங்க” என்றார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாகவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களை நாங்கள் ஒரு விதமாகப் புரிந்துகொண்டோம், சொன்னவர்கள் வேறு விதமாக நினைத்துச் சொல்லியிருந்தார்கள். அடுத்த 4 மாதங்களில் தவறான வாக்கர், தவறான சக்கர நாற்காலி, தவறான ஸ்பிளிண்ட், தவறான பயிற்சி, நடுவில் நிமோனியாவோடு மறுபடி 6 நாள் ஆஸ்பத்திரி. கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்தால் 86,900 ரூபாய். அதில் 64,000 அந்த 6 நாளுக்கு மட்டும். பணத்தை விட மனசில் நிற்பது வேறு: மூளை வேகமாகத் தேறி வரும் முதல் சில மாதங்கள் திரும்பக் கிடைக்காது. இதையெல்லாம் முன்பே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ‘சப்போர்ட்’. வீட்டுக்கு வந்த மறுநாள் நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நடக்க வைத்தோம். பிடித்து நடப்பது என்றால் எங்களுக்கு அதுதான். உண்மையில் தாளில் எழுதிய பிசியோதெரபிஸ்ட் சொல்ல வந்தது: ஒரே ஆள், அப்பாவின் பலவீனமான பக்கம் நின்று, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், எடையை அவரே தாங்குவார். பக்கவாதத்தில் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் மூட்டுக் கிண்ணத்திலிருந்து எலும்பு கீழே நழுவும், வலி நிலைத்துவிடும். இரண்டே வாரத்தில் அப்பாவின் வலது தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் அகலம் பள்ளம் விழுந்திருந்தது.

மறுவாழ்வு மருத்துவத்தில் இந்த ‘உதவி’ என்பதற்கே அளவுகோல் இருக்கிறது. எஃப்.ஐ.எம். என்ற அளவீட்டில் 18 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 7 என்றால் முழுக்கத் தானே செய்கிறார். 6 என்றால் தானேதான், ஆனால் குச்சி போன்ற ஏதோ ஒரு கருவி வேண்டும், அல்லது நேரம் கூடுதலாகும். 5 என்றால் யாரும் தொட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். 4 என்றால் உழைப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நோயாளியுடையது, மிச்சம்தான் நம்முடையது. 3 என்றால் பாதிக்கு மேல் அவர். 2 என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை அவர். 1 என்றால் கிட்டத்தட்ட எல்லாமே நாம். ‘சப்போர்ட்’ என்ற ஒரு சொல் இதில் 6-லிருந்து 1 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன் இப்படிக் கேளுங்கள்: எத்தனை பேர் வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், உடம்பில் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, கையில் என்ன கருவி, ஒரே மூச்சில் எத்தனை மீட்டர், எழுந்திருக்க எவ்வளவு உதவி, நடக்க எவ்வளவு உதவி. கடைசி இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். எழுந்துவிட்டால் நன்றாக நடப்பவர்கள் நிறையப் பேர், நாற்காலியிலிருந்து எழுவதற்குத்தான் ஆள் வேண்டும். பதிலை வாயால் கேட்டுக்கொள்வதோடு விடாமல், பிசியோவை ஒரு முறை செய்து காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும்.

இனி ‘கெட்டி’. இந்தச் சொல்தான் எங்களை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. தொண்டைத் தசைகள் பலவீனமாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி நீர்த்த பொருள் வேகமாக ஓடி, விழுங்கும் அனிச்சை தொடங்கும் முன்பே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பானத்தைக் கெட்டிப்படுத்தினால் மெதுவாக இறங்கும், தொண்டைக்கு நேரம் கிடைக்கும். நர்ஸ் சொன்னது பானங்களைப் பற்றி. அம்மா கேட்டது சாப்பாட்டைப் பற்றி. தமிழில் கெட்டி என்றால் திடமானது என்றும் அர்த்தம், நீர்த்துப் போகாதது என்றும் அர்த்தம். அம்மா குழைத்த இட்லியும் கெட்டித் தயிர் சாதமும் கொடுத்தார், குடிக்க எப்போதும் போலத் தண்ணீர். பின்னால் கேட்டபோது, “தண்ணி எப்படிடா கெட்டியாகும்?” என்றார். கேள்வி நியாயமானதுதான். தண்ணீரையும் காப்பியையும் கெட்டிப்படுத்த ஒரு பொடி இருக்கிறது, மருந்துக் கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா இருமவும் இல்லை. சிலருக்கு இருமல் இல்லாமலே உள்ளே இறங்கும். சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டது. சளி என்று நினைத்தோம். 19-ஆம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததுதான். ஒரு நாட்டில் ‘தேன் மாதிரி’ என்பார்கள், இன்னொரு நாட்டில் வேறு பெயர், ஆளுக்கு ஆள் தேனின் பதமும் மாறும். அதைத் தீர்க்க ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 தண்ணீர், 7 சாதாரணச் சாப்பாடு. 0 முதல் 4 வரை பானங்கள், 3 முதல் 7 வரை உணவுகள், நடுவில் இரண்டும் ஒன்றாகும் இடம் 3, 4. பானத்தின் நிலையை அளக்கத் தேவை ஒரு 10 மில்லி சிரிஞ்சு, அவ்வளவுதான். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேலில் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் சிரிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும், எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளமில்லை. உள்தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, பானத்தை 10 வரை ஊற்றி, விரலை எடுத்து சரியாக 10 விநாடி ஒழுக விட்டு மறுபடி அடைக்க வேண்டும். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 மில்லி நின்றால் நிலை 1. 4 முதல் 8 நின்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. ஒன்றுமே ஒழுகவில்லை என்றால் நிலை 4, அதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்து உறுதி செய்வார்கள். அப்பாவுக்குப் பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர் இரண்டாவது அட்மிஷனில் சொன்னது நிலை 2. அந்த எண்ணை முதல் அட்மிஷனிலேயே தாளில் எழுதியிருந்தால் போதும்.

வீட்டில் அளந்தபோது தெரிந்த சில விஷயங்கள். கஞ்சி அடுப்பிலிருந்து இறக்கியதும் நிலை 1-ல் இருக்கும், ஆறி வரும்போது 3-க்குப் போய்விடும். கொடுக்கும் சூட்டில்தான் அளக்க வேண்டும். மாவுப் பொருளால் கெட்டியானது எச்சில் பட்டால் நீர்க்கும், அதனால் எச்சில் கரண்டியை மறுபடி கிண்ணத்தில் போட்டு அரை மணி நேரம் வைத்து ஊட்டினால் கடைசி வாய்கள் ஆபத்தானவை. ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, பழத்துண்டு மிதக்கும் பாயசம் இவையெல்லாம் நீரும் திடமும் கலந்தவை. சாதத்தை மெல்லும்போதே ரசம் தனியாக ஓடிவிடும். விழுங்கல் சிரமம் உள்ளவருக்கு இதுதான் மிகவும் கஷ்டம், நம் சாப்பாட்டில் பாதி இப்படித்தான். நேராக நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுத்து, முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் இருக்க வேண்டும். அம்மா இரண்டாம் வாரத்திலேயே சிரிஞ்சு இல்லாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “இது ஊத்தாப்பம் பதம், இது நீர்த்தோசை பதம்” என்று. தமிழ்ச் சமையலில் பதம் என்ற சொல் எவ்வளவு துல்லியமானது! பாகுக்குக் கம்பிப் பதம் என்றால் எந்த ஊர் அடுப்படியிலும் புரியும். நம் விழுங்கல் சிகிச்சையாளர்கள் ‘கெட்டி’யை விட்டுவிட்டு, ‘நிலை 2 பதம்’ என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லிப் பழக்கினால் ஒரு தலைமுறைக்குள் வீடுகளில் நிலைத்துவிடும் என்று நம்புகிறேன்.

அடுத்தது வாக்கர். பிசியோ போனில், “ஒரு வாக்கர் வாங்கிடுங்க சார்” என்றார். கடையில் கேட்டதும் மடக்கும் அலுமினிய வாக்கரை எடுத்துக் கொடுத்தார்கள், நான்கு கால், சக்கரம் இல்லாதது, 1,900 ரூபாய். அப்பாவின் வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன, பிடியைப் பிடிக்க முடியாது. இடது கையால் மட்டும் தூக்கினால் வாக்கர் திரும்பிக்கொண்டது. பிசியோ நினைத்தது ஹெமி வாக்கர், ஒரே கையால் பக்கவாட்டில் பிடிப்பது. வாக்கர் என்ற பெயரில் கடையில் குறைந்தது ஐந்து பொருள் இருக்கிறது: சக்கரமில்லாதது, முன்சக்கரம் மட்டும் உள்ளது, நான்கு சக்கரமும் பிரேக்கும் உள்ளது, இடம் வலமாக மாற்றி மாற்றி நகர்வது, இந்த ஒற்றைக் கை வகை. ஐ.எஸ்.ஓ. 9999 என்று உதவிக் கருவிகளுக்கான பன்னாட்டு வகைப்பாடு ஒன்று 1992 முதல் இருக்கிறது. அதில் தனிநபர் நடமாட்டம் 12-ஆம் வகுப்பு. அதற்குள் 12 03 என்பது ஒரு கையால் இயக்கும் நடைக் கருவிகள், 12 06 என்பது இரண்டு கையால் இயக்குபவை. எங்கள் தப்பு முழுவதும் இந்த ஒரு பிரிவில் அடங்கிவிட்டது. கடையில் அந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, அது பரவாயில்லை. ‘ஒரு கையா, இரண்டு கையா’ என்ற கேள்வியை அந்த வகைப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். கருவி எழுதித் தருபவரிடம் பெயரைக் கேட்காதீர்கள். எத்தனை கையால் பிடிப்பது, தரையில் எத்தனை கால் ஊன்றும், சக்கரம் உண்டா, மடங்குமா, பிடி எவ்வளவு உயரத்தில் என்று கேளுங்கள். கடைசியில் ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள்.

உயரத்தைச் சரிபார்க்க: செருப்போ ஷூவோ போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்புக் கோட்டில் பிடி இருக்க வேண்டும். பிடித்தபின் முழங்கை சுமார் 15 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். நாலு கால் குச்சியாக இருந்தால் நல்ல கையில்தான் பிடிக்க வேண்டும், நிறையப் பேர் பலவீனமான பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடித்தட்டில் அகலமான பக்கம் உடம்பை விட்டு வெளியே பார்க்க வேண்டும், உள்ளே பார்த்தால் கால் இடறும். இடது கைக்கு வாங்கும்போது அடித்தட்டு வலது கைக்குத் திருப்பி வைத்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பொத்தானை அழுத்தி, தண்டைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

சக்கர நாற்காலியில் ஏமாந்தது ‘அகலம்’ என்ற சொல்லால். கடையில் 18 இன்ச் என்றார்கள், வாங்கினோம், 7,800 ரூபாய். அந்த 18 இன்ச் உட்காரும் இடத்தின் அகலம். சக்கரமும் கைவளையமும் சேர்ந்த மொத்த அகலம் 25½ இன்ச். எங்கள் பாத்ரூம் கதவு திறந்த நிலையில் இடைவெளி 24 இன்ச். நாற்காலி நுழையவே இல்லை. இதில் இன்னொரு தப்பும் இருந்தது. அப்பாவின் இடுப்பு அகலம் 36 சென்டிமீட்டர், 18 இன்ச் என்றால் 46 சென்டிமீட்டர். இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் இடம் இருந்ததால் அவர் எப்போதும் வலது பக்கம் சாய்ந்து சரிந்தார். இருக்கை அகலம் இடுப்பு அகலத்துக்குச் சமமாகவோ, அதிகபட்சம் 3 சென்டிமீட்டர் கூடுதலாகவோ இருந்தால் போதும். ஆழம் என்பது புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்டிமீட்டர் குறைத்தது. ஆழம் கூடிப்போனால் முழங்காலின் பின்புறம் குத்தும், அதைத் தவிர்க்க ஆள் முன்னால் வழுக்கி உட்காருவார், முதுகு வளையும், வால் எலும்பில் புண் வரும்.

‘சீட் உயரம்’ இன்னும் மோசமான சொல். தரையிலிருந்து இருக்கை வரையா, இருக்கையிலிருந்து முதுகுச் சாய்வின் மேல் வரையா, குஷனோடா, குஷன் இல்லாமலா? பக்கவாதம் வந்தவர் நல்ல கையால் சக்கரத்தையும் நல்ல காலால் தரையையும் தள்ளித்தான் வண்டியை ஓட்டுவார். அதற்குக் குதிகால் தரையில் நன்றாகப் பட வேண்டும். அதாவது குஷனோடு சேர்த்த உயரம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை உள்ள அளவைத் தாண்டக் கூடாது. சாதாரண நாற்காலி தரையிலிருந்து சுமார் 20 இன்ச், அதன்மேல் 2 இன்ச் குஷன். அப்பாவுக்கு அந்த அளவு 17 இன்ச்தான். அவரால் ஓட்ட முடியாததற்கு ‘பலம் போதவில்லை’ என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். உயரம் குறைந்த, 15 இன்ச் இருக்கை உள்ள நாற்காலியில் உட்கார வைத்த அன்றே ஹாலிலிருந்து திண்ணை வரை தானே போனார். பழையதை 3,000-க்கு விற்றோம். சக்கர நாற்காலிக்கென்றே ஐ.எஸ்.ஓ. 7176 வரிசையில் 7-ஆம் பகுதி அளக்கும் முறையையும், 26-ஆம் பகுதி சொற்களையும் வரையறுக்கின்றன. கடைக்காரர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ‘எங்கிருந்து எதுவரை’ என்று விலைச்சீட்டில் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். அது வரும்வரை நீங்களே ஒரு டேப்பை எடுத்துப் போங்கள். வீட்டில் குறுகலான கதவின் இடைவெளியை, கதவு திறந்து நிற்கும் தடிமனைக் கழித்து அளந்துகொண்டு போங்கள்.

‘இறுக்கம்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் அப்பாவின் கை மடங்கி மார்போடு ஒட்ட ஆரம்பித்தது. பார்க்க வந்த மாமா, “கை டைட்டாகுது, பவர் வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட்டார், நாங்களும்தான். தசையின் விறைப்பு வேறு, பலம் வேறு. பலத்தை 0 முதல் 5 வரை சொல்வார்கள்: 1 என்றால் தசை துடிப்பது மட்டும், 2 என்றால் எடை தாங்காமல் படுக்கைவாட்டில் நகர்த்துவது, 3 என்றால் புவியீர்ப்பை மீறித் தூக்குவது, 5 இயல்பு. விறைப்புக்குத் தனி அளவுகோல், அது 0 முதல் 4 வரை. பலத்தில் எண் கூடினால் நல்லது, விறைப்பில் கூடினால் கெட்டது. ‘இப்போ 3-ல இருக்கு’ என்று யாராவது சொன்னால் எது 3 என்று உடனே கேளுங்கள்.

‘இறுக்கம்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு நிலைகளைச் சொல்கிறோம். ஒன்று, நரம்புக் கட்டளை கெட்டுத் தசை விறைப்பது. இன்னொன்று, அசையாமல் இருந்து இருந்து தசையும் மூட்டும் குறுகி நிலைத்துப்போவது. முதலாவதுக்கு மாத்திரை, ஊசி வேலை செய்யும். இரண்டாவதுக்கு அந்த ஊசி உதவாது. படிப்படியாக மாவுக்கட்டு போட்டு நீட்டுவது, முற்றிவிட்டால் அறுவை சிகிச்சை. முழங்கையை மெதுவாக, ஐந்தாறு விநாடி எடுத்து நீட்டினால் முழுவதும் நீள்கிறதா? வேகமாக நீட்டினால் பாதியில் கதவு மாட்டிக்கொள்வது மாதிரி பிடிக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் முதல் வகை. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் இரண்டாவது. முடிவு டாக்டருடையது. ஆனால் ‘கை இறுக்கமா இருக்கு’ என்பதற்குப் பதில், ‘மெதுவாக நீட்டினால் நீள்கிறது, வேகமாக நீட்டினால் பாதியில் பிடிக்கிறது’ என்று சொன்ன அன்றுதான் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். பெயர் தெரியாதபோது பார்த்ததை அப்படியே சொல்வதுதான் பாதுகாப்பு.

காலுக்கும் இதே கதை. ‘ஃபுட் டிராப் ஸ்பிளிண்ட்’ என்று சீட்டில் இருந்தது, கடையில் ரெடிமேடாக 1,450-க்குக் கிடைத்தது. மெல்லிய பிளாஸ்டிக், ஷூவுக்குள் வைப்பது. பாதம் துவண்டு தொங்குபவர்களுக்கு அது நல்ல கருவி. அப்பாவுக்குப் பாதம் விறைத்து உட்பக்கம் திரும்பும். அந்த விசைக்கு மெல்லிய தகடு வளைந்து கொடுத்து, கணுக்காலின் வெளி எலும்பில் உராய்ந்து புண்ணானது. தேவைப்பட்டது பாதத்தையும் கணுக்காலையும் அசையாமல் பிடிக்கும், மாவுக்கட்டில் அச்செடுத்துச் செய்யும் ஏ.எஃப்.ஓ., ஓரங்கள் கணுக்கால் எலும்பைத் தாண்டி முன்னால் வரும் வகை, 5,500 ரூபாய். ஏ.எஃப்.ஓ. என்ற பெயரே நல்ல முன்மாதிரி: எந்தெந்த மூட்டைத் தாண்டுகிறதோ அந்த மூட்டுகளின் பெயரால் அழைப்பது. கணுக்கால்–பாதம் மட்டும் என்றால் ஏ.எஃப்.ஓ., முழங்காலும் சேர்ந்தால் கே.ஏ.எஃப்.ஓ. நம் ஊரில் இரண்டையும் ‘காலிப்பர்’ அல்லது ‘பெல்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். வாங்கும்போது கேட்க வேண்டியவை: எந்த மூட்டுவரை, கணுக்கால் அசையுமா அசையாதா, நடக்கவா இரவில் போடவா, ஷூ எத்தனை அளவு பெரிதாக வேண்டும். போட்டுக் கழற்றியபின் சிவந்த தடம் 20–30 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்துத் திருத்தக் கொண்டுபோக வேண்டும், பஞ்சு வைத்துச் சமாளிக்கக் கூடாது. கைக்கு ‘பெல்ட்’ கேட்டு வாங்கிய 350 ரூபாய் பையும் எலும்பு முறிவுக்கானதாக இருந்தது. முழங்கையை மடக்கியே வைக்கும் அந்தப் பை, மடங்கும் கையை இன்னும் மடக்கியது.

‘பேச்சு வரலை’. இந்தச் சொல்லில் போனது 3 மாதம். வலப்பக்கம் செயலிழந்தவர்களுக்கு இடது மூளையில்தான் பாதிப்பு. பெரும்பாலானவர்களுக்கு மொழியும் அங்கேதான். அப்பா தெளிவாகத்தான் ஒலித்தார், ஆனால் காப்பியைக் காட்டி ‘சாவி’ என்பார், எல்லாக் கேள்விக்கும் ‘ஆமா’. ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டால் பத்து வரை தடையில்லாமல் எண்ணுவார். இது அஃபேசியா. வாய்த் தசை தளர்ந்து குழறுவது டிஸார்த்ரியா. அதில் சொல் சரியாக இருக்கும், உச்சரிப்புதான் கெடும், எழுதினால் புரியவைத்துவிடுவார். நாங்கள் ‘பேச்சு வரலை’ என்று சொல்லி அழைத்துப்போன இடத்தில் பலூன் ஊதுவது, நாக்கை நீட்டுவது என்று வாய்ப் பயிற்சி நடந்தது: 400 ரூபாய் வீதம் 36 முறை, 14,400. எழுத்துப் பலகை ஒன்றும் அச்சடித்துக் கொடுத்தோம். அஃபேசியாவில் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்பது தெரியாமல், அவர் அதைத் தள்ளிவிட்டபோது கோபப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. பலகைக்குப் பதில் வீட்டுப் பொருட்கள், வீட்டு மனிதர்கள், கோயில், கடை என்று அவருடைய சொந்தப் போட்டோக்களை ஒட்டிய 24 பக்க ஆல்பம்தான் வேலை செய்தது. அஃபேசியாவுக்குத் தமிழில் ‘பேச்சிழப்பு’ என்று எழுதுகிறார்கள். அது தவறான வாசலுக்கு அனுப்பும் சொல். ‘மொழி இழப்பு’ என்றால் குடும்பத்துக்கு உடனே விளங்கும்.

ஒரு சின்னக் குறிப்பு: இணையத்தில் தேடும்போது ‘பக்கவாதம்’ மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். இலங்கையில் ‘பாரிசவாதம்’ என்பார்கள். பிசியோவை இங்கே இயன்முறை மருத்துவர் என்பார்கள், அங்கே இயன்மருத்துவர். அந்தச் சொற்களில் தேடியபோது வேறு நல்ல தமிழ் விளக்கங்கள் கிடைத்தன.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலையும்போதும் எண்ணுக்கு மயங்க வேண்டாம். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறன் வகைகள் 21, சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும். அந்தச் சதவீதம் சலுகைக்கான அளவு. எந்தக் கருவி வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு உதவுவது உலக சுகாதார நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப். முறை. அதில் ஒருவரால் முடிவது ஒரு கணக்கு, தன் சூழலில் உண்மையில் செய்வது இன்னொரு கணக்கு. பிசியோ அறையில் 20 மீட்டர் நடப்பவர் வீட்டில் ஏன் நடப்பதில்லை என்பதற்கு ‘மனசு வைக்கலை’ என்ற பதிலைத்தான் நாங்கள் பலமுறை கேட்டோம். அறையில் வழவழப்பில்லாத தரை, இரு பக்கமும் கம்பி. வீட்டில் வாசற்படி 4 இன்ச், பாத்ரூமில் ஈரமான டைல்ஸ். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது செய்ய வேண்டியது தானாகத் தெரிந்தது: படிக்கு ஒரு சாய்வுப் பலகை, கழிப்பறைச் சுவரில் இடது கைப்பக்கம் ஒரு பிடிகம்பி.

இப்போது ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். எந்த டாக்டர், எந்தச் சிகிச்சையாளரிடம் போனாலும் முதலில் அதைக் கொடுக்கிறோம். மேலே நோய், தேதி, பக்கம். பிறகு விழுங்கல் நிலை எண்ணில். எழுவதற்கு எவ்வளவு உதவி, நடக்க எவ்வளவு உதவி, எங்கே பிடிக்க வேண்டும். பலம், விறைப்பு இரண்டும் தனித்தனி எண்ணாக, அளந்த தேதியோடு. மொழி, உச்சரிப்பு தனித்தனி வரியில். கருவிகள் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சையாளர் சொன்ன ஆங்கிலப் பெயர் தமிழ் எழுத்தில், கடையில் சொல்லும் பெயர், நாங்கள் வீட்டில் அழைக்கும் பெயர், பக்கத்தில் அளவு. மூன்று பெயரும் ஒரே வரியில் இருப்பதுதான் இதில் முக்கியம். தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது, பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்காவும் அதைப் பார்த்துத்தான் காப்பியில் கெட்டிப்படுத்தும் பொடி கலக்கிறார். மாதம் ஒரு முறை மாற்றி எழுதுகிறோம். சென்ற வாரம் மாறியது இரண்டு வரி: விழுங்கல் நிலை 2 என்பது 1 ஆனது, புது ஷூ வாங்கியதால் நாலு கால் குச்சி மூன்றாவது துளையிலிருந்து நான்காவதுக்கு ஏறியது.